நான்காவது வருஷம்

டில்லி சர்வகலாசாலையில் பட்டப் படிப்பு மூன்று வருஷமா, நான்கு வருஷமா என்ற வழக்கு லேசில் தீருவதாயில்லை. 2013-ல் நான்கு வருஷத் திட்டம் அவசர அவசரமாக வந்தது. ஆசிரியர் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2014 ஜூனில், புதிய மாணவர்களைச் சேர்க்கும் சமயத்தில், சர்வகலாசாலை மானியக் குழு தலையிட்டதன் பேரில் திட்டம் வாபஸாயிற்று. பிறகு 2020-ம் வருஷத்துத் தேசீயக் கல்விக் கொள்கையின் துணையோடு, சில மாறுதல்களுடன், 2022-ல் மறுபடியும் வந்து சேர்ந்தது!

ஒரு வருஷத்தோடு நின்றவருக்குச் சான்றிதழ், இரண்டுக்கு டிப்ளமா, மூன்றுக்குப் பட்டம், நான்குக்கு ஆனர்ஸ் பட்டம். நான்கையும் முடித்தவர் எம். ஏ.யை ஒரே வருஷத்தில் முடிக்கலாம். ஆராய்ச்சியில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு இது அனுகூலமே என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் பிரதான பாடத்துக்குரிய நேரத்தைச் சில்லறைப் பாடங்கள் தின்றுவிடுகின்றன என்பது ஆசிரியர்களின் முறையீடு. 2022-ல் சேர்ந்தவர்கள் 2025-ல் நான்காவது வருஷத்தில் காலடி வைத்தபோது, வழிகாட்ட ஆளும் உட்கார அறையும் எங்கே என்று கேட்டார்கள்.

மாணவர்களின் கவலையோ வீட்டுக் கணக்கைப் பற்றியது. ஹாஸ்டலில் இடம் கிடைப்பவர் சிலரே. மற்றவர்களுக்கு இன்னொரு வருஷம் அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு. நடுவில் நின்றாலும் சான்றிதழ் உண்டே என்று சமாதானம் சொல்லப்படுகிறது. ஒரு வருஷச் சான்றிதழை நம்பி எந்த முதலாளி வேலை கொடுப்பார்? பணமுள்ள வீட்டுப் பிள்ளை நான்காவது வருஷம் வரை போவான். பணமில்லாத வீட்டிலோ, அண்ணன் படிப்புக்காகத் தங்கையின் படிப்பை நிறுத்த இந்தச் சான்றிதழே நல்ல சாக்காகிவிடும். திட்டம் வகுத்தவர்கள் அந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?