கொங்கணக் கரையில் ஐந்து இரவுகள்

தாதரில் திருநெல்வேலி வண்டி ஏறிக் கொங்கண் மார்க்கமாக ஊருக்குப் போய் வருகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கொங்கணம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், "சுரங்கம் சுரங்கமாக வரும்" என்பதற்கு மேல் நமக்குச் சொல்லத் தெரியாது. அதில் தப்பும் இல்லை. 1998 ஜனவரி 26-ல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ரத்னகிரிக்கு வடக்கே கர்புடே சுரங்கம் மட்டுமே ஆறரை கிலோமீட்டர். கடல் பல மைல் மேற்கே ஒதுங்கிக் கிடக்கிறது. ரயிலில் இருந்து பார்த்தால் தெரியாது.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நானும் பல வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். இந்தத் தை மாதம் ஆறு நாள் லீவு போட்டுவிட்டு, என் பழைய ஸ்பிளெண்டர் மோட்டார் சைக்கிளில் தனியாகக் கரையோரமாகவே தேவ்கட் வரைக்கும் போனேன். ஏன் தேவ்கட் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சோர் பஜாரில் வாங்கிய ஒற்றை ஆள் கூடாரம், பிளாஸ்டிக் விரிப்பு, டார்ச், ஒரு ஸ்பேர் டியூப், கிளட்ச் வயர், இரண்டு கிலோ அவல், வெல்லம். இவ்வளவுதான் மூட்டை. "பௌர்ணமி நேரத்தில் கடலோரம் படுக்கப் போகிறீர்களே" என்று வீட்டில் முணுமுணுத்தாள். நிலா வெளிச்சம் இருந்தால் நல்லதுதானே என்றேன்.

கோட்டை சொன்ன சேதி

பாவ்ச்சா தக்காவில் வண்டியோடு கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. 2020-ல் இந்த ரோ-ரோ கப்பல் வந்த பிறகு பன்வெல் சுற்றும் தொல்லை இல்லை. அலிபாக் போய்ச் சேரும்போது பத்தரை மணி. கடலுக்குள் நிற்கும் குலாபா கோட்டைக்கு நடந்தே போகலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் கோட்டையைச் சுற்றிலும் தண்ணீர். "இப்போது பர்த்தி. சாயங்காலம் ஓஹோட்டி, அப்போது வா" என்றார் வண்டிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். பர்த்தி என்றால் ஏற்றம், ஓஹோட்டி என்றால் இறக்கம். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, கிளம்பிவிட்டேன்.

ரேவ்தண்டா, காஷித், முருட் என்று சாலை கடலை விட்டு விலகுவதும் திரும்பி வந்து ஒட்டுவதுமாகப் போகிறது. சவுல்-ரேவ்தண்டா ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ருஷ்ய வியாபாரி அபனாசி நிகித்தின் 1469-ல் இந்தியாவில் கால் வைத்தது இங்கேதான். முருட் அருகே ஜஞ்சிரா கோட்டையைக் கரையில் நின்றே பார்த்தேன். சிவாஜியும் சம்பாஜியும் முயன்றும் பிடிக்க முடியாத சித்திகளின் கோட்டை அது. முதல் ராத்திரி ஒரு சவுக்குத் தோப்பில், தோப்புக்காரரிடம் அனுமதி கேட்டுப் படுத்தேன். கொசுவைத் தவிர யாரும் வரவில்லை.

மறுநாள் காலை அகர்தண்டாவில் ஜங்கார் ஏறித் திகி போய்ச் சேர்ந்தேன். கொங்கணக் கரையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இந்த ஜங்கார்தான் பெரிய பாடம். சஹ்யாத்திரி மலையில் இருந்து இறங்கும் ஒவ்வொரு ஆறும் கடலைத் தொடுமிடத்தில் அகன்ற உப்பங்கழியாகிவிடுகிறது. ஜங்கார் இல்லாவிட்டால் ஒவ்வொரு கழிக்கும் உள்நாட்டுப் பக்கமாகப் பல மைல் சுற்ற வேண்டும். பாக்மண்ட்லாவிலிருந்து வேஷ்வி, தாபோலிலிருந்து தோபாவே, தவசாலிலிருந்து ஜய்கட் என்று நான் நான்கு கழிகளை இப்படித் தாண்டினேன். ரேவஸிலிருந்து ரெட்டி வரை போடும் கடலோரச் சாலைத் திட்டத்தில் இவற்றுக்கெல்லாம் பாலம் வரவேண்டும். வந்தால் நல்லதுதான். ஆனால் ஜங்காரில் பக்கத்தில் நிற்கும் மீன்காரியிடம் பேச்சுக் கொடுக்க முடியாது.

ஸ்ரீவர்தன் பக்கம் பாக்குத் தோப்புகளில் பெரிய பெரிய இடைவெளிகள். 2020 ஜூன் 3-ல் அடித்த நிசர்கா புயலில் விழுந்த மரங்கள் இருந்த இடம் அது. ஸ்ரீவர்தன் பாக்குக்குத் தனிப்பெயர் உண்டு. கன்று வைத்தால் காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும் என்பதால், ஒரு நாள் காற்றின் கணக்கை அங்கே வருஷக்கணக்கில் தீர்க்கிறார்கள்.

ஹரிஹரேஷ்வரில் கோயிலைச் சுற்றும் பிரதட்சணப் பாதை கடல் பாறைகளின் மேல் போகிறது. நான் போனபோது மணி பதினொன்று. பாறை மேல் அலை ஏறிக்கொண்டிருந்தது, ஆளைப் போக விடவில்லை. அலிபாக்கில் கோட்டை சொன்னதையேதான் இங்கே பாறையும் சொன்னது. தினமும் டைம்டேபிளோடு மாரடிக்கிற எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

"ஏ அண்ணா, உட்டா!"

அன்று தைப்பூசம். வேலாஸ் கடற்கரையில் தங்க ஆசை இருந்தது. ஆனால் அங்கே ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடுகிற காலம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கரையேறும் ஆமையை விரட்டிவிடும் என்று ஊர்க்காரர்கள் சொன்னதால் நிற்காமல் கேள்ஷி பக்கம் போய்விட்டேன். மாலை ஐந்து மணி. ஓர் ஊரை ஒட்டிய கடற்கரையில் கால்பந்தே ஆடலாம் போல அகன்ற மணல். அலை எங்கோ தூரத்தில். மணல் கொஞ்சம் ஈரமாக, கெட்டியாக இருந்தது. கூடாரத்து ஆணி நன்றாகப் பிடிக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஈரம் எப்படி வந்தது என்று யோசித்தேனா? இல்லை. வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்தி, அவல் சாப்பிட்டு, நிலாவைப் பார்த்தபடி தூங்கிப்போனேன்.

பத்தரை மணி இருக்கும். யாரோ கூடாரத்தைத் தட்டினார்கள். "ஏ அண்ணா, உட்டா, உட்டா!" தென்னிந்தியன் என்று தெரிந்தால் இங்கே அண்ணாதான். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவரும் இரண்டு பையன்களும் நின்றார்கள். வெளியே காலை வைத்தேன். தண்ணீர்! கணுக்கால் அளவு. வண்டியின் பின்சக்கரம் மணலில் பாதி புதைந்திருந்தது. நாலு பேரும் சேர்ந்து தள்ளி, தூக்கி, மேட்டுக்குக் கொண்டுவர அரை மணி ஆயிற்று. திரும்பிப் பார்த்தபோது கூடாரம் நின்ற இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. ஒரு செருப்பும் வெல்லப் பொட்டலமும் போயிற்று. அவர் வராமல் இருந்திருந்தால் வண்டி போயிருக்கும். தூக்கத்தில் நான் என்ன ஆகியிருப்பேனோ, நினைக்க வேண்டாம்.

என் ஊர் நாகர்கோவில் பக்கம். எங்கள் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அலை எங்கே நிற்கிறதோ ஏறக்குறைய அங்கேதான் ராத்திரியும் நிற்கும். மேற்குக் கரையில் வடக்கே வர வர அது பெருகுகிறது. பௌர்ணமி, அமாவாசையில் சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் மும்பையில் நான்கு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். கேள்ஷி பக்கம் அதைவிடக் குறைவுதான். ஆனால் தட்டையான மணலில் ஆள் உயரத்துக்கு நீர் ஏறினால் அது நூறு கஜம் நடந்துவந்துவிடும். கன்னியாகுமரிக் கடலை நம்பிக் கொங்கணத்தில் படுத்தது என் முட்டாள்தனம்.

பெரியவர் தன் வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தார். காகா என்றுதான் கூப்பிட்டேன், மராட்டியில் சித்தப்பா மாதிரி. கட்டன் சாயா கொடுத்துவிட்டு அவர் சொன்ன கணக்கு, கடலோரம் போகிற எவருக்கும் உதவும். திதியை முக்காலால் பெருக்கு, அதுதான் பர்த்தி மணி. பஞ்சமி ஐந்தாவது திதி, ஆகவே மூன்றே முக்கால். அஷ்டமி என்றால் ஆறு. பௌர்ணமி பதினைந்து, ஆகவே பதினொன்றே கால். கிருஷ்ணபட்சத்துக்கும் பிரதமையை ஒன்று என்று வைத்து அப்படியே எண்ண வேண்டும். பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து இறக்கம். நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் திதி போட்டிருக்கிறதே, அது போதும். நான் மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். அலிபாக் போனது சதுர்த்தசி, பத்தரை மணி. ஹரிஹரேஷ்வர், பதினொன்று. இரண்டும் சரி. கூடாரம் அடித்தது சரியாக இறக்கத்தின் அடிமட்டத்தில்!

"கரையில் காய்ந்த பாசியும் குப்பையும் ஒரு கோடாகக் கிடக்கும் பார், அதற்கு மேலே படுக்க வேண்டும். அல்லது என்னைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார் காகா. கேட்காததுதான் அவருக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் கேட்டேன். மூன்றாம் இரவு குஹாகர் தாண்டி ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தேன். கூடாரம் இன்னும் காயவில்லை. நான்காம் நாள் ரத்னகிரி. பர்மாவின் கடைசி அரசர் தீபோவை ஆங்கிலேயர் 1885-ல் பிடித்து, முதலில் நம் சென்னைக்குத்தான் கொண்டுவந்தார்கள். சில மாதம் கழித்து ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1910-ல் அவருக்குக் கட்டிய மாளிகை இன்றும் குன்றின் மேல் நிற்கிறது. 1916-ல் அவர் இங்கேயே இறந்தார், ஊர் திரும்பவே இல்லை. லாட்ஜில் அறை எடுத்து, பஞ்சர் ஒட்டி, உப்புநீர் பட்ட சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன்.

தேவ்கட்

ஐந்தாம் நாள் ஜைதாப்பூர், விஜயதுர்க் வழியாக மாலையில் தேவ்கட் வந்து சேர்ந்தேன். மாம்பழத்தால் பெயர் பெற்ற ஊர். நான் போனது மாமரத்தில் பூ நிற்கிற காலம். எனக்கு வேண்டியதும் பழமல்ல, துறைமுகம்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்கு அருகே கடந்தபோது, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தொழிலுக்குப் போய்க் கடலில் இருந்தார்கள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த நண்பன் ஒருவனும் அதில். இரண்டு நாள் செய்தியே இல்லை. பிறகு எனக்குத்தான் முதல் போன் வந்தது. "மக்கா, உசுரோட இருக்கேன். ஏதோ தேவ்கட்டாம். உனக்குப் பக்கமா?" காற்றோடு காற்றாக வடக்கே ஓடிவந்து இந்தக் கரையில் ஒதுங்கியிருந்தார்கள். 68 படகுகளில் 952 பேர் சிந்துதுர்க் கரையில் பத்திரமாகச் சேர்ந்திருப்பதாக மகாராஷ்டிர முதல்வர் அறிவித்தார். 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள் என்பது அரசுக் கணக்கு. பதிவு எதுவானாலும் உள்ளே இருந்தவர்களில் எங்கள் மாவட்டத்துக்காரர்களும் உண்டு. அந்த வாரம் எனக்கு லீவு கிடைக்கவில்லை. போய்ப் பார்க்கவில்லை. அந்தக் குறை இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்தது.

துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நின்றன. ஐஸ் உடைக்கிற சத்தம். சாயாக்கடை ஒன்றில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த மராட்டியில் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். கடைக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஊரில் பால் தீர்ந்துபோனதைச் சொன்னார். மொழி தெரியாமல் கையைக் காட்டியே சோறு கேட்டதைச் சொன்னார். சிலர் கரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னார்.

அங்கிருந்தே நண்பனுக்குப் போன் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தேன். படகில் கற்ற இந்தியில் அவன் ஏதோ பேச, இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் இவர் ஒரு கேள்வி கேட்டார்: அன்றைக்கு இங்கே வந்தவர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்களா?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவன் சொன்னது போனுக்கு வெளியே எனக்கும் கேட்டது. "இங்கே வந்தவர்கள் சேர்ந்துவிட்டோம், பாய்."

அவனுடைய சித்தப்பா மகன் போன படகு எந்தக் கரைக்கும் வரவில்லை. கடைக்காரருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் கூடாரம் அடிக்க இடம் தேட வேண்டியிருந்தது. பர்த்தி எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுக்கொண்டு எழுந்தேன்.