டப்பாவில் ஒரு நிறம், சூளையில் ஒரு நிறம்



மெக்கானிக்கல் நண்பர்கள் எங்களைப் பார்த்து, "நீங்க பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவங்கதானே?" என்று கிண்டல் செய்வதுண்டு. கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் எங்களிடமும் இருப்பதால் வந்த சந்தேகம் அது! காரின் டேஷ்போர்டுக்கு பெயின்ட் அடிப்பவருக்கு டப்பாவில் தெரிகிற நிறம்தான் ஏறக்குறைய காய்ந்த பிறகும் இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் தேய்த்துவிட்டு மறுபடியும் அடிக்கலாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. நாங்கள் தெளிப்பது, நெருப்பில் போன பிறகு நிறமாகப் போகிற ஒரு கலவை. சூளையைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். தவறினால் மண், கேஸ், கூலி எல்லாம் போச்சு!

நான் நல்லூர்க்காரன். பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையே இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது கிடைத்த வெள்ளைக் களிமண்தான் இங்கே இந்தத் தொழில் வளர ஒரு முக்கியக் காரணம். சின்னப் பிள்ளையார் முதல் ஃபியூஸ் கேரியர் வரை இங்கே செய்கிறார்கள். பெரும்பாலும் சிறு பட்டறைகள். ஒரு சூளைச் சரக்கு நிறம் மாறினால் அந்த மாத லாபமே போய்விடும். ஆகவே சரியான நிறம் எப்படி வருகிறது என்று நான் கற்றதை எல்லாப் பிரிவு நண்பர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன்.

கிளேஸ் என்றால் என்ன?

கிளேஸ் என்பது பொருளின் மேல் படியும் மெல்லிய கண்ணாடி. மணலில் உள்ள சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஃபெல்ஸ்பார் போன்றவற்றைச் சேர்த்தால் 1,200 டிகிரி அளவிலேயே உருகும். இவற்றைப் பால்மில்லில் தண்ணீரோடு அரைத்து, ஒருமுறை சுட்ட பொருளின் மேல் தெளித்து, மறுபடியும் சுடுகிறோம்.

நிறம் தருபவை உலோக ஆக்சைடுகள். கோபால்ட் ஆக்சைடு பார்க்கக் கறுப்புத் தூள். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தால் போதும், ஆழ்ந்த நீலம் வரும். இரும்பு ஆக்சைடு கொஞ்சம் போட்டால் தேன் நிறம். பத்து பங்கு வரை போனால் கரும்பழுப்பு. குரோமியம் பச்சை தரும். ஆனால் கிளேஸில் துத்தநாகம் இருந்தால் அதுவே பழுப்பாகிவிடும். வெள்ளீயம் இருந்தாலோ இளஞ்சிவப்பு! தூளைப் பார்த்து நிறத்தைச் சொல்ல முடியாது என்பது இதிலிருந்தே புரியும்.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒன்று, கலவையின் அடர்த்தி. நேற்று ஒரு லிட்டர் 1,450 கிராம் எடை இருந்தது, இன்று 1,350 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கூடிவிட்டது, அதே கை, அதே நேரம் தெளித்தாலும் படலம் மெலிந்து நிறம் வெளுக்கும். தினமும் எடை பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

இரண்டு, படலத்தின் கனம். கன்னை ஒரு சாண் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து, பொருளைத் திருகையில் சுற்றிக்கொண்டே சீராகத் தெளிக்க வேண்டும். ஒரு குண்டூசியால் கீறிப் பார்த்தால் கனம் தெரியும். மெலிந்தால் அடிமண் தெரியும். தடித்தால் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக் கிளேஸில் எங்கே விட்டுப்போனது என்று தெரியாது. அதற்குச் சிலர் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை கலப்பார்கள். அந்தச் சாயம் சூளையில் எரிந்துபோகும். நல்ல யோசனைதானே?

மூன்று, முகமூடி. இது நிறத்துக்காக அல்ல, நமக்காக. சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. புகைபோக்கி விசிறி இல்லாத இடத்தில் தெளிக்கவே கூடாது. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

சூளை செய்யும் வேலை

காப்பர் கலந்த கிளேஸைக் காற்று தாராளமாகக் கிடைக்கும்படி சுட்டால் பச்சை. காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் அதே காப்பர் சிவப்பு! சீனக் குயவர்கள் இந்தச் சிவப்புக்கே பேர் போனவர்கள்.

வெப்பம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். இரண்டையும் சேர்த்துக் காட்டுவதற்காக 1886-ல் ஜெர்மனியில் ஹெர்மன் செகர் என்பவர் சின்னக் கூம்புகளை உருவாக்கினார். குறித்த அளவு சூடு ஏறியதும் கூம்பு தலை சாயும். மீட்டர் பழுதானாலும் கூம்பு சாட்சி சொல்லும். சூளையின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் ஒவ்வொன்று வைத்தால், ஒரே சரக்கில் இரண்டு நிறம் வந்த காரணம் விளங்கிவிடும்.

கடைசியாக வெளிச்சம். டியூப் லைட்டில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் வெயிலில் வேறுபடலாம். மாதிரியையும் சரக்கையும் காலை வெளிச்சத்தில், நிழலில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயிரம் பொம்மைக்குத் தெளிக்கும் முன் நாலு டெஸ்ட் பீஸ் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி, கலவை எடை, எத்தனை சுற்றுத் தெளித்தது, சூளையில் எந்தத் தட்டு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அனுபவப்பட்ட மேஸ்திரிக்கு இதெல்லாம் கையிலேயே இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் அவரோடு போய்விடும். அவரிடம் கேட்டு எழுதி வைக்க நம்மால் முடியுமல்லவா?