படம் வந்தது, பிரயாசம் வரவில்லை

வேலையின் நிமித்தம் சொந்த ஊரைவிட்டுத் திருப்பதியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றை அறிவேன். அவ்வீட்டு மகள் டேப்லெட்டில் படம் வரைகிறவள். சிறுவர் கதைப் படங்களைத் தமிழ் எழுத்துகளுடன் வரைந்து கொடுத்து, அந்த வருமானத்தால் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்தி வந்தாள். பின்பு வீட்டில் ஒரு கணினி வாங்கினார்கள். இரண்டாண்டுப் படங்கள் அனைத்தையும் கைபேசி வழியாகக் கணினிக்கு அனுப்பிவிட்டு, டேப்லெட்டில் இருந்ததையெல்லாம் அழித்து அதை விற்றுவிட்டார்கள்.

சில வாரங்களுக்குப்பின், அதே படங்களைத் தெலுங்கு எழுத்துகளுடன் தரும்படி சித்தூரிலிருந்து ஒருவர் கேட்டார். தமிழ் எழுத்துகளை நீக்க இயலவில்லை. அவை படத்தோடு ஒன்றிப்போயிருந்தன. அந்த மகளின் கண்ணீரே இதை எழுதத் தூண்டியது.

நேர்ந்த தவறு யாது? திருப்பதிக்கு அருகே காளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு மையால் கோடு எழுதுவார்கள். படிகாரம் பூசிச் சிவப்பு ஏற்றுவார்கள். துணியில் ஏறியபின் கோட்டையும் வண்ணத்தையும் பிரிக்க ஒருவராலும் கூடாது. வரைகலைச் செயலியிலோ கோடு, வண்ணம், எழுத்து ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களாக, அதாவது அடுக்குகளாக, வைத்துக்கொள்ளலாம். ஜேபெக் படமாக மாற்றினால் அடுக்குகள் யாவும் ஒன்றாகிவிடும். அதை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் தரமும் குறையும். படம் வந்து சேரும். அதைத் திருத்தும் வழி வந்து சேராது.

ஆகையால் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, கோப்பு. ஐபேடில் புரோகிரியேட் பயன்படுத்துவோர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்க வேண்டும். அச்செயலியின் சொந்தக் கோப்பு பாதுகாப்புக்கு, பி.எஸ்.டி. கோப்பு கணினிக்கு. போட்டோஷாப்பிலும், இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவிலும் பி.எஸ்.டி. கோப்பு அடுக்குகளுடன் திறக்கும். தமிழ் அடுக்கை மறைத்து, தெலுங்கைப் புதிய அடுக்கில் எழுதிவிடலாம். கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் பயன்படுத்துவோருக்கு இச்சிரமம் குறைவு; அது டேப்லெட்டிலும் கணினியிலும் இயங்குவதால் ஒரே கோப்பு இரண்டிலும் திறக்கும்.

இரண்டாவது, அமைப்புகள். புரோகிரியேட்டின் தூரிகைகள் போட்டோஷாப்பில் வேலை செய்யா. அவற்றைத் தனியே சேமித்துவைத்து, கணினியில் அவற்றுக்கு ஒத்தவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான வண்ணங்களை ஒரு படத்தில் வரிசையாகத் தீட்டி அனுப்பினால், கணினியில் அவற்றைத் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். பயன்படுத்திய எழுத்துருவைக் கணினியிலும் நிறுவ வேண்டும். ஏ4 தாளில் அச்சிடும் படம் 2480 × 3508 பிக்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் அச்சுத் தரத்துக்கு அதுவே அளவு.

மூன்றாவது, வழி. 2019-ல் வந்த ஐபேட் ஓ.எஸ். 13 முதல், ஐபேடில் பென் டிரைவை இணைத்து 'ஃபைல்ஸ்' செயலி மூலம் கோப்புகளை நேரே நகலெடுக்கலாம். தரம் குறையாது.

நான்காவதே முக்கியமானது. ஒவ்வொரு கோப்பையும் கணினியில் திறந்து, அடுக்குகள் தனித்தனியே தெரிகின்றனவா என்று சோதியுங்கள். வேறொரு டிஸ்கில் இன்னொரு நகலும் வையுங்கள். அதுவரை டேப்லெட்டில் எதையும் அழிக்க வேண்டாம். புரோகிரியேட் செயலியை நீக்கினால் அதனுள் இருக்கும் படங்களும் அதனோடு போய்விடும்.

அந்த மகள் இப்பொழுது இரவல் டேப்லெட்டில் முதல் கதையை மறுபடியும் வரைந்து முடித்திருக்கிறாள். இம்முறை எழுத்து தனி அடுக்கில் இருக்கிறது. அன்பான பெற்றோரே, பழைய கருவியை விற்குமுன் பிள்ளையோடு ஒரு மணி நேரம் அமர்ந்து இவற்றைச் சரிபாருங்கள். விற்ற கருவிக்கு வந்த பணம் அவளுடைய இரண்டாண்டுப் பிரயாசத்துக்கு ஈடாகவில்லை.