மயிலையில் குடியேற விழைவோருக்கு

பணி ஓய்வு பெற்றபின் திருத்தலம் ஒன்றில் குடியமர்ந்து, எஞ்சிய நாள்களை இறைவன் சந்நிதிக்கு அருகில் கழிக்க வேண்டும் என்னும் அவா நம்மில் பலருக்கு உண்டு. தில்லியில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த எங்களுக்கும் அது இருந்தது. அந்நகரின் மார்கழிக் குளிரை என் துணைவியாரின் முழங்கால்கள் தாங்காத நிலை வந்தபோது, கடலோரமாகிய சென்னைக்கே திரும்பிவிடுவதென முடிவு செய்தோம்.

பிள்ளைகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்தம்புதிய அடுக்குமாடி வீடு ஒன்றைக் காட்டினார்கள். நீச்சல் குளம், பூங்கா, காவலர் என ஒரு குறையும் இல்லை. “கோயிலுக்கு?” என்று கேட்டார் என் துணைவியார். “வண்டி வைத்துக்கொண்டு போய் வரலாம், அம்மா” என்றான் மகன். வண்டியும் துணையும் கிடைக்கும் நாளில்தான் தரிசனம் என்று நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம். முதுமையில் ஒருவர் கையை எதிர்பாராமல், நினைத்த மாத்திரத்தில் மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் புறப்படுவது பெரும் பேறு. அதற்காகவே திருமயிலையைத் தேர்ந்தோம்.

மயிலையின் பழமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்பிகை மயில் வடிவில் புன்னை மரத்தடியில் பூசித்த தலம். பேயாழ்வார் அவதரித்ததும், வாயிலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி வழிபட்டதும் இவ்வூரில்தான். முற்காலத்துக் கபாலீசுவரர் ஆலயம் கடலை ஒட்டி இருந்ததென்றும், போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதுள்ள இடத்தில் எழுந்ததென்றும் வழங்கி வருகிறது. இன்று நாம் காணும் கீழைக் கோபுரம் 1906ஆம் ஆண்டில் அமைந்தது.

குடியேற நினைப்பவர்க்கு இவற்றினும் பயன்படும் செய்தி திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தில் இருக்கிறது. இறந்துபட்ட பெண்ணை உயிர்ப்பிக்கப் பாடியபோது, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் ஆண்டுச் சுற்றையே அவர் அவள்முன் விரித்துவைத்தார். இவ்வூரின் வாழ்வு அந்தச் சுற்றில்தான் இன்றும் இயங்குகிறது. ஆதலால் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஓராண்டு வாடகைக்கு இருந்து, எல்லா மாதங்களையும் கண்டபின் முடிவு செய்யுங்கள்.

பங்குனிப் பெருவிழா பத்து நாளும் மாட வீதியில் வீடு இருப்பவர்க்கு வாசலிலேயே சுவாமி தரிசனம். ஆனால் தேர் ஓடும் ஏழாம் நாளிலும், அறுபத்துமூவர் எழுந்தருளும் எட்டாம் நாளிலும் அந்த வீதிகளுக்குள் வண்டி எதுவும் நுழைய இயலாது. அந்நேரத்தில் நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது என்பதை முன்னதாகவே எண்ணிவிட வேண்டும். மாட வீதியை விட, அதிலிருந்து இரண்டு தெரு தள்ளிய சிறு தெருவே முதியவர்க்கு ஏற்றது என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் நீர் தேங்குகிறதா என்பதை வீட்டுக்காரரைக் கேட்டு அறிவதை விட, எதிர்வீட்டாரைக் கேட்டு அறிவது நலம். கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் வாயில் விட்டுப் பாருங்கள். கடல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, உப்பு ஏறியிருக்கக் கூடும். வெயிலைப் பற்றியும் ஒரு சொல். பிற்பகலில் கடற்காற்று வந்துவிடும் என்பார்கள். மேலைக்காற்று ஓங்கும் கோடையில் அது காலம் தாழ்த்தியே வரும். புழுக்கம் பொறுக்க வேண்டும்.

இனி, எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கோயிலுக்கு மிக அருகில் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடு ஒன்று விலைக்கு வந்தது. அக்கம்பக்கத்து விலையில் பாதிகூட இல்லை. தூணைத் தடவிப் பார்த்த என் துணைவியாரின் முகம் மலர்ந்துவிட்டது. என் வைப்பு நிதித் தொகை முழுவதும் அதற்குப் போதும், நானும் சபலப்பட்டேன். பத்திரத்தைப் பார்த்த வழக்கறிஞர் நண்பர்தான் தடுத்தார். கட்டடம் மட்டுமே விற்பவருடையது, அடிமனை கோயிலுடையது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றாலும், அடமானம் வைத்தாலும், ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும் அது செல்லாது.

விற்பவர் எதையும் மறைக்கவில்லை. அடிமனை வாடகையை ஒழுங்காகக் கட்டி வருபவர். “எத்தனையோ பேர் இப்படித்தான் வாங்கி இருக்கிறார்கள், சார்” என்றார். பழைய கோயில் ஊர்களில் இது புதிதன்று. முன்னோர் கோயிலுக்கு எழுதிவைத்த மனைகள் தெருத்தெருவாக உண்டு. கோயிலுக்கு முறையாக வாடகை செலுத்தி அங்குக் குடியிருப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் மண்ணே நமக்கு வராத ஓர் இடத்துக்கு வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, பின்னொரு நாள் அதே கபாலீசுவரரோடு வழக்காடுவதா? சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவர் என் துணைவியார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. மறுநாள் காலையில், “நமக்கு அது வேண்டாம். வாடகைக்கே பாருங்கள்” என்றார். வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்ப்பதோடு நில்லாமல், மனை எவருக்கு உரியது என்பதைக் கோயில் அலுவலகத்திலும் கேட்டு அறியுங்கள் என்று நான் எவரிடமும் சொல்வது அதனால்தான்.

இப்போது மின்தூக்கி உள்ள கட்டடத்தில் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். முற்றம் இல்லை; கோபுரம் தெரியும் சன்னலும் இல்லை. மெட்ரோ ரயில் பணிக்காகப் பாதைகளை மாற்றிவிட்டதால் நடை சற்று நீண்டிருக்கிறது. தெருமுனைப் பூக்காரம்மாள் என் துணைவியார் அமர்வதற்கென்றே ஒரு முக்காலி வைத்திருக்கிறார். அங்கே ஒரு முறை, குளக்கரையில் ஒரு முறை என இளைப்பாறிக்கொண்டு, மாலையில் நடை திறக்கும் வேளைக்கு அவர் தாமாகவே கற்பகாம்பாள் சந்நிதிக்குச் சென்றுவிடுகிறார். சில நாள் நான் தூங்கிப் போனால் எனக்காகக் காத்திருப்பதும் இல்லை.