குளுட்டன் ஒவ்வாமையும் நற்கருணையும்

கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறையில், நற்கருணை அப்பம் கோதுமை மாவும் நீரும் மட்டும் கொண்டு புளிப்பின்றிச் செய்யப்படுகிறது. கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் சீலியாக் நோயாளிகளின் சிறுகுடலைச் சிதைக்கும். வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்ப்பதே இந்நோய்க்கான சிகிச்சை. ஆகவே, நற்கருணை வாங்குவதே இவர்களுக்குச் சிக்கலாகிறது.

அரிசி அப்பம் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாக இருக்க வேண்டும். குளுட்டன் அறவே நீக்கப்பட்ட அப்பம் செல்லாது என்றும், வேறு பொருள் சேர்க்காமல் அப்பமாகத் திரளும் அளவுக்குக் குளுட்டன் இருந்தால் செல்லும் என்றும் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் தெளிவுபடுத்தியது. 2017ஆம் ஆண்டுச் சுற்றுமடல் ஒன்றும் இதையே வலியுறுத்தியது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள பெனடிக்டின் சபை அருட்சகோதரிகள் 0.01 விழுக்காடு குளுட்டன் மட்டுமே கொண்ட அப்பத்தை உருவாக்கினர். கால் கிராம் எடையுள்ள அப்பத்தில் இது 0.025 மில்லிகிராம். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவானது பெரும்பாலான நோயாளிகளுக்குத் தீங்கு செய்வதில்லை என மருத்துவர்கள் கருதுகின்றனர். ஆயினும் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

அதுவும் ஒவ்வாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். அப்பம், இரசம் ஆகிய இரண்டில் எதிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது திருச்சபையின் போதனை. எனவே இரசம் மட்டும் பெறுபவருக்குக் குறைவொன்றும் இல்லை.

நடைமுறையில் சிக்கல் வருவது இங்கேதான். திருப்பலியில் குரு அப்பத்தைப் பிட்டு அதன் சிறு துண்டைத் தம் கிண்ணத்தில் இடுகிறார். ஆகவே அந்தக் கிண்ணத்து இரசத்திலும் குளுட்டன் கலந்துவிடும். நோயாளிக்குத் துண்டு இடப்படாத தனிக் கிண்ணம் வேண்டும். குளுட்டன் குறைந்த அப்பத்தையும் மூடிய தனிச் சிமிழில் வைத்தே அர்ச்சிக்க வேண்டும். சாதாரண அப்பத்தைத் தொட்ட விரல்களால் அதை எடுத்துக் கொடுத்தால் முன்னேற்பாடு முழுவதும் வீணாகும். திருப்பலிக்கு முன்பே குருவிடம் சொல்லிவைப்பது இதனால்தான் அவசியம்.

மது அருந்தக் கூடாதவர்களுக்கும் வழி உண்டு. நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட, மிகக் குறைந்த மதுவுள்ள 'மஸ்தும்' என்னும் திராட்சைச் சாற்றை, ஆயரின் அனுமதியுடன் குருக்களும் பொதுநிலையினரும் பயன்படுத்தலாம்.