அறுந்த பிறகும் சாகாத நரம்பு

முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு நரம்புச் செல், தன் இழையைக் காலின் பாதம் வரை நீட்டியிருக்கிறது. செல்லின் உடல் கண்ணுக்கே தெரியாத அளவு. இழையோ ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக்ஸான் எனப்படும் அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலே செல்லின் உடலில் தயாராகி, நுண்குழாய்கள் என்னும் தண்டவாளங்கள் வழியே கீழே போய்ச் சேர்கிறது. நடுவழியில் இழை அறுந்தால் என்ன ஆகும்?

1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டிப் பார்த்தார். செல்லோடு ஒட்டியிருந்த பாதி பிழைத்தது. துண்டான பாதி சில நாட்களில் துணுக்குகளாகச் சிதைந்தது. கிளையை ஒடித்தால் இலை வாடுவதுபோல, ஊட்டம் வராததால் செத்தது என்றே நூறாண்டுக்கு மேல் நம்பினார்கள். சந்தேகப்பட இடமில்லாத விளக்கம்.

அதை உடைத்தது ஒரு சுண்டெலி. நரம்புக் காயத்தில் வெள்ளணுக்களின் பங்கை ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், ஒரு குறிப்பிட்ட எலி வகையில் விசித்திரம் ஒன்றைக் கண்டு 1989இல் வெளியிட்டார்கள். மற்ற எலிகளில் வெட்டுண்ட ஆக்ஸான் இரண்டு நாட்களில் சிதையும். இவற்றிலோ இரண்டு வாரம் கழித்தும் முழுதாகக் கிடந்தது. மின்தூண்டல் கொடுத்தால் சமிக்ஞையையும் கடத்தியது. செல்லிடமிருந்து ஒன்றுமே வராமல்! பட்டினிதான் சாவுக்குக் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்?

அந்த எலிகளின் மரபணு மாற்றத்தை மைக்கேல் கோல்மன் குழுவினர் 2001இல் இனங்கண்டார்கள். செல்லின் ஆற்றல் வேலைகளுக்கு இன்றியமையாத என்ஏடி என்ற மூலக்கூறைத் தயாரிக்கும் நொதி ஒன்று, இவற்றில் நெடுநாள் நிலைக்கும் வடிவில் இருந்தது. மற்ற எலிகளின் ஆக்ஸானில் அந்த வேலையைச் செய்யும் நொதிக்குச் சில மணி நேரமே ஆயுள். மேலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

வரத்து நின்றபின் இழையை அழிப்பது எது? 2012இல் அமெரிக்காவில் மார்க் ஃபிரீமன் குழு, பழ ஈக்களில் ஒரே ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தால், வெட்டுண்ட ஆக்ஸான் ஈயின் ஆயுள் முழுக்க நிலைப்பதைக் கண்டது. அந்த மரபணு தரும் புரதம்தான் சார்ம்-1. 2017இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அடுத்த முடிச்சு அவிழ்ந்தது: சார்ம்-1 தானே ஒரு நொதி, என்ஏடியைச் சிதைப்பதே அதன் தொழில். எண்ணெய் வற்றி அணைந்த விளக்கு என்றே நினைத்திருந்தோம். அகலுக்குள்ளேயே எண்ணெயைக் கவிழ்க்கும் கை ஒன்று உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தன் அழிவை ஏன் உயிர் இப்படி உள்ளேயே வைத்திருக்கிறது? சார்ம்-1இன் உறவுப் புரதங்கள் பாக்டீரியாவிலும் செடிகளிலும் உண்டு. கிருமி புகுந்த செல்லைத் தியாகம் செய்து மற்றவற்றைக் காப்பது அவற்றின் வேலை.

நம் சாலையோரத்திலும் சுடுகாட்டோரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிக்கும் இதில் இடம் உண்டு. அதிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், 1963 முதல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து. புற்றுச்செல் பிளவுபடுவதற்கு வேண்டிய நுண்குழாய்களை அது குலைக்கிறது. நரம்பின் தண்டவாளமும் அதே நுண்குழாய்தான். அதனால்தான் உயிரைக் காக்கும் அந்த மருந்தே கைகால்களை மரக்கச் செய்கிறது. சட்டைப் பொத்தானைப் போடவும் விரல் வராமல் போகிறது. சார்ம்-1 இல்லாத எலிகளுக்கு வின்கிரிஸ்டின் கொடுத்தபோது அவற்றின் நரம்புகள் கெடவில்லை என்று 2016இல் வந்த ஆய்வை, இந்த வரலாற்றிலேயே மிக நம்பிக்கை தரும் செய்தியாக நான் நினைக்கிறேன்.

சார்ம்-1ஐ உறக்கத்திலேயே வைக்கும் மருந்தைத் தேடத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தை, வின்கிரிஸ்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்த எலை லில்லி 2020இல் வாங்கியது. அப்படியொரு மருந்து இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. அதுவரை, உங்கள் வீட்டில் கீமோதெரபி எடுப்பவர் கால் மதமதக்கிறது, விரல் மரக்கிறது என்றால், பலவீனம்தான் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த தவணைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்; தேவைப்பட்டால் மருந்தின் அளவை அவர் மாற்றித் தருவார்.