சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?

2024ஆம் ஆண்டு ரமளான். மார்ச் மாதத்தின் ஒரு மாலைப்பொழுது. செங்கல்பட்டில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மதரஸா வாயிலில் கண்ணீரோடு வந்து நின்றார். அவருடைய மகன் அன்று உம்ராவுக்குப் புறப்பட்டிருந்தார்.

"மூணு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு ஜித்தா போய்ச் சேரும்னு டிக்கெட்டுல போட்டிருக்கு ஹஸ்ரத். இப்போ மணி எட்டு. ஒரு தகவலும் இல்லையே!"

பயணச்சீட்டில் பிழை ஏதுமில்லை. அதில் புறப்படும் நேரம் சென்னை நேரம். இறங்கும் நேரமோ ஜித்தா நேரம். ஜித்தாவின் கடிகாரம் நம் கடிகாரத்திற்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை 6.30 என்றால் இங்கே இரவு 9.00. ஆகவே பயணம் மூன்றரை மணி நேரமன்று. ஆறு மணி நேரம்.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் ஐந்து மணி நேரம் போதுமே எனலாம். ஆயினும் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லவும், மேலேறவும், இறங்கவும் நேரம் வேண்டும். வானிலும் குறிக்கப்பட்ட பாதைகளிலேயே செல்ல வேண்டும். உயரே மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது துணைபுரியும். எனவே திரும்பும் பயணம் சற்று விரைவாகவே முடியும். ஆனால் பயணச்சீட்டிலுள்ள நேரங்களை மட்டும் கழித்துப் பார்த்தால் அதுவே நீண்டதாகத் தோன்றும்!

இக்கணக்கு மார்க்கக் கடமையையும் தொடுகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னை 80ஆம் பாகையிலும் ஜித்தா 39ஆம் பாகையிலும் உள்ளன. 41 பாகைக்கு 164 நிமிடம். சென்னையில் 6.20க்கு மஃரிப் என்றால், ஜித்தாவில் சூரியன் மறையும்போது நமக்கு மணி ஒன்பதைத் தாண்டிவிடும். மேற்கே பறக்கும் நோன்பாளிக்குப் பகல் அவ்வளவு நீளும். கைக்கடிகாரம் 6.20 காட்டுகிறதென்று அவர் நோன்பு திறக்கலாகாது. தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்திருக்க வேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகையை இறைவன் அல்பகரா அத்தியாயத்தில் அளித்திருப்பதையும் மறக்கலாகாது.

இஹ்ராமும் இவ்வாறே. கப்பலில் சென்ற நம் முன்னோர்க்கு யலம்லம் மீக்காத்தாக இருந்தது. பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல்கள் 1995 வரை சென்றன. அவற்றில் ஆயத்தமாகப் பல நாட்கள் இருந்தன. விமானமோ மீக்காத் எல்லையை நிமிடங்களில் கடந்துவிடும். எனவே ஆடையை முன்னரே அணிந்து, அறிவிப்பு வந்தவுடன் நிய்யத்து வைப்பதே பாதுகாப்பு. உறங்கிவிட்டால் எல்லை கடந்துவிடும்.

அன்றிரவு 9.20 மணிக்கு அம்மூதாட்டியின் வீட்டில் தொலைபேசி ஒலித்தது. "உம்மா, நோன்பு திறந்துட்டேன். ஊர் நேரத்தைப் பார்த்து ஆறு இருபதுக்கே பேரீத்தம்பழத்தைக் கையில் எடுத்துட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தா வெயில் அடிக்குது!" என்றார் மகன்.

சகோதரர்களே, சகோதரிகளே! செங்கல்பட்டில் இரயிலேறித் திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம். ஆனால் வழியனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு அந்த ஆறு மணி நேரம் மிக நீண்டது. புறப்படுமுன், சேரும் நேரத்தை நம்மூர் நேரத்தில் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துச் செல்லுங்கள். அவர் கண்ணீரின்றி துஆச் செய்துகொண்டிருப்பார், இன்ஷா அல்லாஹ்.